குழந்தையை வீட்டிலிருந்து பிரிப்பதா? நலக் குழுவுக்கும் களப்பணியாளருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நான்கு பேர். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உரிய அதிகாரத்தைத் தந்திருக்கிறது. ஒரு குழந்தை இன்றிரவு அம்மா பக்கத்தில் தூங்குமா, குழந்தைகள் இல்லத்தில் புதுப் பாயில் தூங்குமா என்பது இவர்கள் போடும் கையெழுத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்த முடிவு நியாயமாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை செய்யும் நன்னடத்தை அலுவலர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், புறத்தொடர்புப் பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். குழு முன் நிற்க வேண்டி வந்த பெற்றோருக்கும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரபட்சம் இரண்டு பக்கமும் வெட்டும். ஏழை வீட்டுக் குழந்தையைத் தேவையில்லாமல் பிரிப்பது ஒரு பக்கம். ‘நல்ல குடும்பம்’ என்று நம்பி, அடிபடும் குழந்தையை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது இன்னொரு பக்கம். முதலாவதைச் சரிசெய்கிறேன் என்று இரண்டாவதை மறந்தால் அதுவும் அநீதிதான்.

படி 1: குழந்தை எந்த வழியாக வந்தது என்று பாருங்கள்

குழுவுக்கு வரும் குழந்தைகள் மாவட்டத்துக் குழந்தைகளின் நியாயமான மாதிரி இல்லை. பேருந்து நிலையத்தில் படுப்பவர்கள், சிக்னலில் பொம்மை விற்பவர்கள், செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள். அவர்கள் வாழ்க்கைக்குக் கதவு இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பூட்டிய கதவுக்குள் நடப்பதை குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. அரசு மருத்துவமனைக்கு வந்த எலும்பு முறிவு பற்றித் தகவல் போகிறது. தனியார் மருத்துவமனையில் அதே முறிவு ‘மாடிப்படியில் விழுந்துவிட்டான்’ என்பதோடு முடிந்துவிட வாய்ப்பு அதிகம்.

ஆகவே கோப்பின் முதல் பக்கத்திலேயே மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: தகவல் சொன்னவர் தன் கண்ணால் பார்த்தது என்ன, பிறர் சொல்லிக் கேட்டது என்ன, அவராக யூகித்தது என்ன. ‘குழந்தையைப் பிச்சை எடுக்க வைக்கிறார்கள்’ என்று வரும் தகவலில் பல நேரம் மூன்றும் கலந்திருக்கும். அம்மா ஊசி, பாசி விற்கிறார், குழந்தை இடுப்பில் இருக்கிறது என்பது மட்டுமே பார்த்ததாக இருக்கலாம். அப்புறம், தகவல் தந்தவருக்கும் குடும்பத்துக்கும் நிலத் தகராறு, வாடகைத் தகராறு, காதல் திருமணப் பகை ஏதாவது உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பகை இருப்பதால் தகவல் பொய்யாகிவிடாது. ஆனால் அது குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: தீங்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘இந்தக் குழந்தைக்கு, இன்னாரால் அல்லது இன்ன சூழலால், இன்ன தீங்கு நடந்திருக்கிறது, அல்லது நடக்கப் போகிறது.’ இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் பிரிப்பது பற்றிப் பேசும் கட்டம் இன்னும் வரவில்லை என்று பொருள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று சட்டத்தின் பிரிவு 2(14) பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியல் அகலமானது. வீடு இல்லாமல் காணப்படும் குழந்தையும் அதில் அடங்கும். குழுவின் கவனத்துக்கு வரத் தகுதி இருப்பது ஒன்று, பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணம் இருப்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நிறையக் குடும்பங்கள் சிதறுகின்றன.

வறுமையைப் புறக்கணிப்பு என்று படிப்பதுதான் இந்தத் துறையின் ஆகப் பெரிய தவறு என்பது என் கருத்து. மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் இல்லாமல் வேறிடத்தில் குழந்தை வளர்வது) குறித்து ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: வறுமையும், வறுமையால் மட்டுமே வந்த நிலைமைகளும் குழந்தையைப் பிரிப்பதற்கு ஒரே காரணமாக இருக்கக் கூடாது. ஒரு கேள்வி போதும். இந்த வீட்டுக்குப் பணம், தங்க இடம், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவை கிடைத்தால் தீங்கு நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால் குடும்பத்துக்கு வேண்டியது உதவி.

ஒரு செங்கல் சூளையை எடுத்துக்கொள்வோம். இருளர் குடும்பம். அப்பாவும் அம்மாவும் விடியற்காலை இரண்டு மணிக்குக் கல் அறுக்கப் போகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை குடிசையில் தனியாகத் தூங்குகிறது. ‘பெற்றோர் கவனிப்பில்லை’ என்று எழுதிவிட்டால் கோப்பு இல்லத்தை நோக்கி ஓட ஆரம்பிக்கும். அவர்கள் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடக்கிறார்களா என்று விசாரித்தால் கதை மாறும். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுக்க வேண்டிய வழக்கு அது. பிள்ளைக்கு ஆபத்து இருப்பது உண்மை. அந்த ஆபத்தை உண்டாக்கியவர் சூளை முதலாளி.

படி 3: அறிக்கையின் சொற்களைச் சலியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். குடும்பத்தை நேரில் விசாரித்துக் குழுவுக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கையை எழுதுபவர் ஒருவர், படிப்பவர்கள் ஐந்து பேர். எழுதியவரின் ஒரு சொல் ஐந்து பேரின் முடிவாகிவிடுகிறது. அந்தக் கோப்பு அடுத்த மாவட்டத்துக்குப் போனால் சொல்லும் கூடவே போகிறது.

‘தாய் ஒழுக்கமற்றவர்.’ இதற்குப் பின்னால் இருப்பது என்ன? கணவர் விட்டுப் போன பிறகு இன்னொருவரோடு வாழ்கிறார் என்பதா? அந்த ஆள் குழந்தையிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே நமக்கு வேண்டியது. அதை விசாரித்து எழுதுங்கள். தாயின் நடத்தை பற்றிய தீர்ப்பை நீக்குங்கள். மனைவி இறந்து மறுமணம் செய்த அப்பாவைப் பற்றி இப்படி யாரும் எழுதுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

‘தந்தை குடிகாரர்.’ வாரத்தில் எத்தனை நாள்? குடித்துவிட்டு வந்தால் பிள்ளையை அடிக்கிறாரா, திட்டுகிறாரா, பேசாமல் படுத்துவிடுகிறாரா? அந்த நேரத்தில் பிள்ளையோடு வேறு யார் இருக்கிறார்கள்? டாஸ்மாக் வாசலில் நிற்பவர் குடிகாரர், வீட்டு அலமாரியில் பாட்டில் வைத்திருப்பவர் ‘எப்போதாவது எடுத்துக்கொள்பவர்’ என்று இரண்டு அளவுகோல் வைத்துக்கொள்ளாதீர்கள். அலமாரி வீட்டிலும் பெல்ட்டால் அடி விழலாம்.

‘சுகாதாரமற்ற சூழல்.’ தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கழிப்பறை உண்டா? குழந்தையின் எடை என்ன, தடுப்பூசி போட்டிருக்கிறதா, தோலில் புண் இருக்கிறதா? பின்னால் சொன்னவை குழந்தையைப் பற்றியவை. முன்னால் சொன்னவை ஊராட்சி அல்லது மாநகராட்சி பதில் சொல்ல வேண்டியவை.

‘நாடோடிக் குடும்பம், நிலையான முகவரி இல்லை.’ நரிக்குறவர் குடும்பம் திருவிழாக்காலத்தில் ஊர் ஊராகப் போவது பிழைப்பு. வெள்ளைக்காரர்களின் 1871-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கியது. 1952-இல் அது நீக்கப்பட்டது. ‘அந்த ஆட்கள்’ என்ற பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை. அறிக்கையில் அந்தத் தொனி தெரிந்தால் திருப்பி அனுப்பி மறுபடி எழுதச் சொல்லுங்கள். குழுவுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அறிக்கையில் குடும்பத்தின் சமூகம் பற்றிய விவரத்துக்கு ஒரே ஒரு பயன்தான் உண்டு: சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, நலத்திட்டம் எதற்குத் தகுதி என்று பார்ப்பது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023-இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது போன்ற விவரம் இங்கே கைகொடுக்கும். குணத்தை அளக்க அதைப் பயன்படுத்தவே கூடாது.

படி 4: எதிர்ச் சான்றைத் தேடிப் போங்கள்

பிரிட்டனில் 1973 முதல் 1994 வரை குழந்தைகள் கொடுமைக்கு உள்ளான வழக்குகளில் வெளிவந்த 45 விசாரணை அறிக்கைகளை எய்லீன் மன்றோ என்ற பேராசிரியர் ஆராய்ந்தார். பணியாளர்கள் முதலில் கொண்ட கருத்தை மாற்றிக்கொள்ள மிகவும் தாமதித்தார்கள், மனதில் பளிச்சென்று பதிந்த சான்றையும் புதிதாக வந்த சான்றையும் நம்பிப் பழைய கோப்பில் கிடந்ததைப் பார்க்கத் தவறினார்கள் என்று கண்டார். நாடு வேறானாலும் நம் அலுவலகங்களிலும் இதே பழக்கம்தான்.

இதற்கு மருந்து எளிது, ஆனால் நேரம் கேட்கும். வீட்டுக்கு இரண்டு முறை போங்கள். ஒரு முறை காலையில், ஒரு முறை பிள்ளை பள்ளி விட்டு வந்த பிறகு. உங்கள் முதல் கருத்து தவறு என்றால் எது கண்ணில் பட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து அதைத் தேடுங்கள். குடும்பம் மோசம் என்று தோன்றினால் பிள்ளை யாரைத் தேடி ஓடுகிறது என்று பாருங்கள். குடும்பம் நல்லது என்று தோன்றினால் பிள்ளை எப்போது அமைதியாகிவிடுகிறது என்று பாருங்கள்.

யாரிடம் விசாரிக்கிறோம் என்பதும் முக்கியம். கிராமத்தில் முதலில் கைகாட்டப்படுபவர் ஊர்த் தெருவில் இருக்கும் பெரிய மனிதர். காலனிக் குடும்பத்தைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினால் அது ஊர் விசாரணை ஆகாது. அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், வகுப்பாசிரியர் ஆகியோரைப் பாருங்கள். கூடவே ‘உங்களைப் பற்றி யாரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்?’ என்று குடும்பத்திடமே கேட்டு அவரையும் பாருங்கள்.

படி 5: ‘அவங்க சமூகத்துல இதெல்லாம் சகஜம்’ என்ற பேச்சை நிறுத்துங்கள்

பரிவு போல வேடம் போட்டு வரும் பாரபட்சம் இது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்று தகவல் வந்தால், ‘மலைவாழ் மக்களில் அப்படித்தான், நாம் தலையிட்டால் கோபப்படுவார்கள்’ என்று ஒதுங்குவதால் அந்தப் பெண்ணுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது? பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்விக்கப்படும் அபாயத்தில் இருக்கும் பிள்ளையையும் அதே பிரிவு 2(14) பாதுகாக்கிறது. எந்தச் சமூகம் என்ற விதிவிலக்கு அதில் இல்லை. ‘அவர்கள் பிள்ளையை அடிப்பது வழக்கம்’ என்பதற்கும் இதே பதில்தான்.

படி 6: குழந்தையைக் கேளுங்கள், குழந்தையின் மொழியில்

பங்கேற்பது குழந்தையின் உரிமை என்று சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. ‘இல்லத்துக்குப் போறியா, வீட்டுக்குப் போறியா?’ என்று எல்லோர் முன்னிலும் கேட்பதை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது. வாக்ரி மொழி பேசும் நரிக்குறவர் பிள்ளை, ஒடியா பேசும் கட்டடத் தொழிலாளியின் பிள்ளை தமிழில் கேட்ட கேள்விக்கு மௌனமாக இருந்தால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். மொழிபெயர்ப்பாளரை வரவழையுங்கள். காவலரையோ உறவினரையோ மொழிபெயர்க்க விடாதீர்கள்.

பதின்வயதுப் பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வேறு சாதிப் பையனோடு போய்விட்ட பதினேழு வயதுப் பெண்ணை போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கோடு அழைத்து வருகிறார்கள். வீட்டுக்குப் போக மறுக்கிறாள். ‘பிடிவாதக்காரி’ என்று பதிவாகிறது. அவள் உயிருக்குப் பயந்து மறுக்கிறாளா என்று கேட்டீர்களா? பதின்வயதுக் காதலர்களைத் தண்டிப்பது போக்சோ சட்டத்தின் நோக்கம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவர் அதே வீட்டில் இருக்கும் வழக்குகளில், குழந்தையைக் குடும்பத்திடமிருந்து விலக்க வேண்டுமா என்று மூன்று நாளுக்குள் குழு தீர்மானிக்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள். குழந்தையின் விருப்பம், பெற்றோரின் திறன், குடும்பத்தில் வன்முறை நடந்த வரலாறு, குழந்தையின் வயது, உடல்நலம் எனப் பார்க்க வேண்டியவற்றை விதியே அடுக்கித் தருகிறது. அதை அச்சடித்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மானம் அந்தப் பட்டியலில் இல்லை.

படி 7: பெற்றோருக்கு உட்கார நாற்காலி கொடுங்கள்

நிஜமான நாற்காலியைத்தான் சொல்கிறேன். நின்றுகொண்டு கைகட்டிப் பேசுபவர் தன் பக்கத்தை முழுதாகச் சொல்வதில்லை. குற்றச்சாட்டு என்ன என்று தமிழில் படித்துக் காட்டுங்கள். பதில் சொல்லவும் ஆட்களை அழைத்துவரவும் நேரம் கொடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முகவரியை அன்றே எழுதிக் கொடுங்கள்.

அழாத அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்றும், சத்தம் போடும் அப்பாவை முரடர் என்றும் முடிவு கட்டாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்தவர்கள் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்வார்கள். அதே போல, இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல ஆங்கிலமும் கொண்டு நிதானமாகப் பேசும் அப்பாவின் நிதானத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 8: இல்லத்துக்கு முன் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகத் தாண்டுங்கள்

இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களில் நடந்த கொடுமை பற்றிய செய்தியிலிருந்து 2007-இல் தொடங்கி, உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்த வழக்கு இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. இல்லம் மட்டுமே வழி அல்ல, இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்றது நீதிமன்றம். இல்லம் என்றால் பத்திரம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் காரணமில்லை என்பதற்கு அந்த வழக்கின் தொடக்கமே சாட்சி.

ஆகவே உத்தரவில் வரிசையாக எழுதுங்கள். மேற்பார்வையோடு பெற்றோரிடமே விட முடியுமா? பாட்டி, சித்தி, தாய்மாமா யாராவது பொறுப்பேற்பார்களா? நிதி ஆதரவு, அதாவது குழந்தை குடும்பத்தோடு இருக்க அரசு தரும் மாத உதவி, கிடைக்குமா? 2022-ஆம் ஆண்டு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் நெறிமுறைகளின்படி தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது தத்தெடுக்காமல் பொறுப்பேற்று வளர்க்க, வேறு குடும்பம் உண்டா? ஒவ்வொன்றும் ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரியாவது எழுதிய பிறகே இல்லத்தின் பெயரை எழுதுங்கள்.

தீங்கு செய்பவர் வீட்டிலேயே இருக்கிறார், வீட்டில் யாரும் குழந்தைக்குத் துணை நிற்கவில்லை என்றால் தயங்காதீர்கள். அன்றே பாதுகாப்பான இடத்துக்கு அனுப்புங்கள். அந்த வீடு மாடி வீடாக இருந்தாலும் சரி.

படி 9: பேசுவதற்கு முன் எழுதுங்கள், பிறகு ஆளை மாற்றிப் பாருங்கள்

தலைவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற நால்வரின் கருத்தும் அந்தப் பக்கம் சாயும். அதனால் ஒவ்வொருவரும் தன் முடிவையும் காரணத்தையும் தனித்தாளில் எழுதிய பிறகு பேசத் தொடங்குங்கள். புதிய உறுப்பினர் முதலில், தலைவர் கடைசியில். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவு செல்லும் என்கிறது சட்டம். மாற்றுக் கருத்தையும் பதிவு செய்யுங்கள். மேல்முறையீட்டில் அது குழந்தைக்கு உதவலாம்.

அப்புறம் ஒரு சோதனை. கோப்பில் உள்ள சம்பவம் அப்படியே இருக்கட்டும், ஆளை மட்டும் மாற்றுங்கள். இதே காயம், இதே வயது, இதே பதில். பெற்றோர் மட்டும் வங்கி ஊழியர்கள், ஊர்த் தெருவில் சொந்த வீடு. இதே உத்தரவைப் போடுவீர்களா? அல்லது எதிர்ப்புறமாக, விட்டுவிடலாம் என்று நினைத்த குடும்பத்தைப் பாலத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பதில் மாறினால் எந்த விவரம் மாற்றியது என்று தேடி எடுங்கள். அந்த விவரத்துக்கும் குழந்தையின் பாதுகாப்புக்கும் தொடர்பு உண்டென்றால் உத்தரவில் வெளிப்படையாக எழுதுங்கள். இல்லையென்றால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி முடிவெடுங்கள்.

படி 10: உத்தரவில் திரும்பி வரும் வழியும் இருக்கட்டும்

பிரிக்கும் உத்தரவு என்றால், பெற்றோர் எதைச் செய்தால் குழந்தை திரும்ப வரும் என்று அதில் இருக்க வேண்டும். ‘சூழல் மேம்பட்டால்’ என்பது யாருக்கும் உதவாது. எந்த மருத்துவமனையின் குடிமறுவாழ்வுப் பிரிவு, எந்தத் தேதிக்குள், யார் சரிபார்ப்பார் என்று எழுதுங்கள். பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வரும் நாளையும் குறியுங்கள். கூலி வேலைக்காரர் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வர முடியாமல் போவதை ‘அக்கறை இல்லை’ என்று பின்னால் எழுதிவிடக் கூடாது. முடிந்தவரை பக்கத்திலிருக்கும் இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள். உத்தரவு பிடிக்காதவர் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் (நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு முடிவுகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம்). இதைப் பெற்றோரிடம் வாயால் சொல்லி, நகலும் கொடுங்கள்.

படி 11: உங்கள் முடிவுகளை மொத்தமாகப் பாருங்கள்

ஒரு கோப்பில் தெரியாத பாரபட்சம் நூறு கோப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். காலாண்டுக்கு ஒரு முறை எப்படியும் ஆட்சியருக்கு அறிக்கை போகிறது. அப்போதே இவற்றையும் எண்ணுங்கள்: தகவல் எங்கிருந்து வந்தது, எந்தச் சமூகம், தாய் தனித்து வாழ்பவரா, தீங்கு என்ன, முடிவு என்ன, நிதி ஆதரவு கேட்டுப் பார்த்தார்களா, குழந்தை எத்தனை நாள் இல்லத்தில் இருந்தது. ஒரே மாதிரி தீங்குள்ள வழக்குகளில் ஒரு சமூகத்துப் பிள்ளைகள் மட்டும் அதிகம் இல்லத்துக்குப் போயிருந்தால் அந்தக் கோப்புகளைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் அவசர முடிவு வேண்டாம். குழந்தையை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது.

இந்த வேலையைக் கணினி செய்துவிடும் என்று சொல்பவர்கள் வருவார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம் உள்ள அலெகெனி மாவட்டத்தில் 2016 முதல் ஒரு கணிப்பு மென்பொருள் பயன்பாட்டில் உள்ளது. புகார் வந்ததும் அரசுப் பதிவேடுகளைத் துழாவி 1 முதல் 20 வரை மதிப்பெண் போடும். கறுப்பினக் குழந்தைகளையே அதிகமாகக் கட்டாய விசாரணைக்குக் கைகாட்டும் போக்கு அதன் முதல் ஆண்டுகளில் இருந்ததாக கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. அரசு உதவியை நாடிய குடும்பத்தின் விவரம்தானே அரசுப் பதிவேட்டில் அதிகம் இருக்கும்? முதல் படியில் சொன்ன அதே கோளாறு மதிப்பெண்ணாக மாறி வருகிறது. அப்படி ஒரு கருவி நம் மாவட்டத்துக்கு வந்தால், அது எந்தப் பதிவேட்டைப் படிக்கிறது, அந்தப் பதிவேட்டில் இல்லாத குடும்பங்கள் யார் என்று முதலில் கேளுங்கள்.

உடனே தொடங்க ஒரு வேலை சொல்கிறேன். சமூக விசாரணை 15 நாளுக்குள், இறுதி உத்தரவு முதன்முதலில் குழந்தையை ஆஜர்படுத்தியதிலிருந்து நான்கு மாதத்துக்குள் என்பது சட்டம் வைத்த கெடு. உங்கள் மாவட்டத்தில் ‘தற்காலிகமாக’ இல்லத்துக்கு அனுப்பி, நான்கு மாதம் தாண்டியும் இறுதி உத்தரவு இல்லாத குழந்தைகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டாம் படியின் ஒரே வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். எழுத முடியாத குழந்தைகளின் கோப்பை அடுத்த அமர்விலேயே எடுத்து, பெற்றோருக்குத் தகவல் அனுப்புங்கள்.